ராஜா கதைக்கு ஊர் எதற்கு?

போன மாதம் நியூ ஜெர்சியிலிருந்து அண்ணன் ஒரு மின்மடல் அனுப்பியிருந்தார். எட்டாவது படிக்கும் அவர் பையன் பள்ளிக்கூடத்துக்காக எழுதிய கதை அதில் இணைப்பாக இருந்தது. வகுப்பில் ஆர்தர் ராஜா கதைகளை வாசித்திருக்கிறார்கள். அதே மாதிரி ஆளுக்கொரு கதை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். நம்ம பிள்ளை பொன்னியின் செல்வனைக் கையில் எடுத்துவிட்டான் (இரண்டு பாகம் படமும் பார்த்தாயிற்று, அம்மா சொன்ன கதையும் கேட்டாயிற்று).

பதினோரு பக்கம். வந்தியத்தேவன் கொட்டும் பனியில் பைன் மரக் காட்டுக்குள் குதிரையில் வருகிறான். தூரத்தில் கருங்கல் கோட்டை, சுற்றி அகழி, சங்கிலி கட்டி இறக்கும் பாலம். உச்சிக் கோபுரத்தில் குந்தவை. கடைசியில் அருள்மொழிவர்மன் பாறையில் செருகியிருக்கும் வாளை உருவுகிறான், எல்லோரும் மண்டியிடுகிறார்கள். சுபம்.

பதின்மூன்று வயசுக்கு அட்டகாசமான எழுத்து. சித்தப்பாவுக்குப் பெருமைதான். ஆனாலும் சும்மா இருக்க முடியாமல், "ரொம்ப நன்றாக இருக்கிறது, ஆனால் இது எந்த ஊரில் நடக்கிறது?" என்று பதில் போட்டுவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரியே அண்ணன் போனில் பிடித்துக்கொண்டார். "ஏண்டா, குழந்தை ஆசையா எழுதினா இப்படியா கேப்ப? அது ஃபேன்டஸிடா. ஃபேன்டஸிக்கு என்ன ஊரும் பேரும்? கேமலாட் எங்க இருக்கு, மேப்ல காட்டு பாப்போம்! கம்பன் அயோத்தியைப் பாத்துட்டா எழுதினான்? இவனுக்கு வீராணம் ஏரின்னா என்ன தெரியும், சொல்லு. கதை போய்ச் சேந்தா போதாதா?"

நாற்பது நிமிஷம். அண்ணனிடம் பேசி ஜெயித்த சரித்திரம் எங்கள் வீட்டில் கிடையாது. அதனால் இங்கே எழுதுகிறேன். அண்ணன் மட்டும் சொன்னால் விட்டுவிடலாம். சிங்கப்பூர், டல்லாஸ், துபாய் என்று எங்கே இருக்கும் நண்பர்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்கிறார்கள். குழந்தைகளுக்கு ராஜா பேர் தெரிந்தால் போதும், ஊரெல்லாம் பின்னால் தொங்குகிற திரைச்சீலைதானே, எந்தப் படத்தை மாட்டினால் என்ன என்று.

என் கட்சி இது. ராஜா கதையில் ஊர் திரைச்சீலை கிடையாது. கதையில் என்ன நடக்க முடியும், அது யாருடைய கதை, அதில் தோற்றவன் யார், இந்த மூன்றையும் ஊர்தான் முடிவு செய்கிறது. ஊரைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது ஜெயித்த ராஜாவும் அவன் கிரீடமும் மட்டும்தான். அதைக் குழந்தை கையில் கொடுத்து "இதுதான் நம்ம பாரம்பரியம்" என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் அண்ணனின் பிரம்மாஸ்திரம், கேமலாட்.

கேமலாட் எங்கே என்று யாருக்கும் தெரியாது என்பது உண்மை. 12-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் க்ரெத்தியான் த த்ருவா என்ற பிரெஞ்சுக் கவிஞர்தான் அந்தப் பேரை முதன்முதலில் எழுதினார். போகிற போக்கில் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போய்விட்டார், அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள். ஒருத்தராலும் அதை ஊர் பேர் இல்லாமல் விட்டு வைக்க முடியவில்லை. 1485-ல் அச்சான தாமஸ் மாலரியின் புத்தகம் வின்செஸ்டர்தான் கேமலாட் என்றது. 1542-ல் ஜான் லேலண்ட், சாமர்செட்டில் இருக்கும் காட்பரி குன்றுதான் என்றார். 1966-லிருந்து 1970 வரை லெஸ்லி ஆல்காக் என்ற தொல்லியலாளர் அந்தக் குன்றைத் தோண்டியே பார்த்துவிட்டார். ஊர் தேவையில்லாத கதைக்கு யாராவது மண்வெட்டி எடுத்துக்கொண்டு கிளம்புவார்களா?

டின்டாஜல் கதை இன்னும் வேடிக்கை. ஜெஃப்ரி ஆஃப் மான்மத் என்பவர் 1136 வாக்கில் எழுதிய புத்தகத்தில், ஆர்தர் கருவானது கார்ன்வால் கடற்கரையில் இருக்கும் டின்டாஜலில் என்று எழுதி வைத்தார். அடுத்த நூறு வருஷத்தில், 1230-களில், ராஜாவின் தம்பி ரிச்சர்ட் அந்தப் பாறை முனையில் நிஜமாகவே ஒரு கோட்டை கட்டினார். அங்கே கோட்டை கட்டி ராணுவ லாபம் பெரிதாக ஒன்றும் இல்லை. கதையில் வந்த இடம் தன் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஊர் கதையை உண்டாக்கும் என்பது தெரிந்ததே. கதை ஒரு கோட்டையையே உண்டாக்கியிருக்கிறது இங்கே.

இது வெறும் பெருமைச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்தர் யாருடைய ராஜா? பழைய நூல்களில் அவர் சாக்ஸன்களை எதிர்த்துப் போரிட்ட பிரிட்டானியர்களின் வீரர். அந்தப் பிரிட்டானியர்களின் வாரிசுகள் வேல்ஸ்காரர்கள். சாக்ஸன்களின் வாரிசுகள் ஆங்கிலேயர்கள். அதாவது இன்றைக்கு உலகமே "இங்கிலாந்தின் ராஜா" என்று சொல்கிற ஆர்தர், ஆங்கிலேயர்களின் முப்பாட்டன்களை விரட்டி அடித்தவர்! இந்தத் தலைகீழ் எப்படி நடந்தது? ஊரை மாற்றித்தான்.

ஜெஃப்ரியின் புத்தகத்தில் ஆர்தரின் பெரிய சபை கூடுவது வேல்ஸில் இருக்கும் கேர்லியனில். 1191-ல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி மடத்துத் துறவிகள் ஆர்தரின் கல்லறை தங்கள் இடத்தில் கிடைத்துவிட்டது என்று அறிவித்தார்கள். (1184-ல் மடம் தீப்பிடித்து எரிந்திருந்தது, திருப்பணிக்குப் பணம் வேண்டியிருந்தது. புரிகிறதல்லவா?) 1278-ல் இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் அங்கே வந்து, அந்த எலும்புகளை மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்ய வைத்தார். அதே எட்வர்ட்தான் 1277-லிருந்து 1283-க்குள் வேல்ஸை அடித்துப் பிடித்தவர். ஆர்தர் திரும்பி வருவார் என்று காத்திருந்த ஜனங்களிடம், "இதோ பார், செத்துப்போய்விட்டார், கல்லறை எங்கள் ஊரில்தான் இருக்கிறது" என்று காட்டியாயிற்று. தோற்றவனின் ராஜா ஜெயித்தவனின் ராஜாவாகிவிட்டார். கதையில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இதையெல்லாம் புரிந்துகொண்டு எழுதியவர்கள்தான் பின்னால் வந்த நல்ல ஆர்தர் நாவல்காரர்கள். ரோஸ்மேரி சட்க்ளிஃப் 1963-ல் எழுதிய நாவலில் பளபளக்கிற கேமலாட் கிடையாது. ரோமானியர்கள் விட்டுவிட்டுப் போன பிரிட்டனின் குளிரும் சேறும் குதிரைத் தீவனக் கவலையும்தான். மரியன் ஜிம்மர் பிராட்லி 1983-ல் கிளாஸ்டன்பரியை எடுத்துக்கொண்டார். அந்தக் குன்றைச் சுற்றி ஒரு காலத்தில் சதுப்பு நிலம், தண்ணீர், மூடுபனி. அந்த மூடுபனியையே அவர் கதையாக்கினார். பனிக்கு இந்தப் பக்கம் புது மதத்தின் தேவாலயம், அந்தப் பக்கம் பழைய தெய்வத்தின் தீவு, இரண்டும் இருப்பது ஒரே இடத்தில். அந்த நிலத்தை எடுத்துவிட்டால் அந்த நாவலில் மந்திரமும் இல்லை, சண்டையும் இல்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கல்கி 1950-லிருந்து 1954 வரை எழுதிய பொன்னியின் செல்வன் எங்கே தொடங்குகிறது? ஆடிப்பெருக்கு அன்றைக்கு, வீரநாராயண ஏரிக்கரையில். ஏரிக்கு எழுபத்து நான்கு கண்வாய் என்று கணக்கோடு சொல்கிறார். அது என்ன அலங்காரமா? ஜனங்கள் ஏன் கரையில் கூடியிருக்கிறார்கள், ஆள் தெரியாத ஒரு வாலிபன் அந்தக் கூட்டத்தில் எப்படிக் கலக்க முடிகிறது, சோழ ராஜ்ஜியம் எதனால் செழிப்பாக இருக்கிறது, எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீரே பதில். கோடிக்கரையின் புதைசேற்றை எடுத்துவிட்டால் பூங்குழலி யார்? சும்மா பாட்டுப் பாடிக்கொண்டு படகு ஓட்டும் ஒரு பெண். எங்கே கால் வைக்கலாம், எங்கே வைத்தால் ஆள் போய்விடுவான் என்று தெரிந்தவள் என்பதால்தான் அரண்மனைக்காரர்கள் எல்லாம் அவளிடம் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. அந்த அதிகாரத்தை அவளுக்குக் கொடுத்தது நிலம்.

2022-லும் 2023-லும் படம் வந்தபோது ஓர்ச்சாவிலும் குவாலியரிலும் எடுத்த அரண்மனைகளைச் சோழ நாடாகப் பார்த்தோம். மணிரத்னத்தைக் குறை சொல்லி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. பத்தாம் நூற்றாண்டுச் சோழர் மாளிகை ஒன்றுகூட இன்றைக்கு நின்றுகொண்டிருக்கவில்லை, பாவம் அவரும் எங்கேதான் போவார்? ஆனால் ஓர்ச்சா மாளிகைகள் 16, 17-ம் நூற்றாண்டு புந்தேலா ராஜாக்கள் கட்டியவை. எங்கள் கும்பகோணத்துப் பக்கம் பழையாறைக்குப் போய்ப் பாருங்கள். வயலும் வாய்க்காலும் நாலைந்து கோயில்களும்தான். கல்லைக் கோயிலுக்கு வைத்துவிட்டுத் தான் குடியிருக்கும் வீட்டை மரத்திலும் செங்கல்லிலும் கட்டிக்கொண்ட ராஜாக்கள் என்றால், அது ஒரு பெரிய விஷயம் இல்லையா? அந்தச் சங்கதி கல் அரண்மனையைப் பார்க்கிற குழந்தைக்குப் போய்ச் சேராது. அது பைன் மரக் காட்டையும் தொங்கு பாலத்தையும்தான் அடுத்தபடியாகச் சேர்த்துக்கொள்ளும். அண்ணன் பையன் மேல் தப்பே இல்லை.

இப்போது நான் இருக்கும் ஊருக்கு வருகிறேன். திருவனந்தபுரம். கும்பகோணத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. வீடு கரமனையில், ஆபீஸ் கழக்கூட்டத்தில்.

இந்தக் கழக்கூட்டம் இன்றைக்கு டெக்னோபார்க் இருக்கிற இடம். 18-ம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமார்களில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. குடமண், செம்பழந்தி, பள்ளிச்சல், வெங்ஙானூர் என்று மற்றவர்களின் பேரும் ஊர்ப் பேர்தான். இந்தப் பேர்களில் பாதியைத் தாங்கிய பஸ்கள் தினமும் என் முன்னால் போகின்றன. ராஜா ஜெயித்தார், பிள்ளைமார் அழிந்தார்கள். அவர்கள் வீடுகளை இடித்துக் குளம் தோண்டினார்கள் என்று இங்கே சொல்வார்கள். ஆனால் ஊர் இருக்கிறது. ஊர் இருப்பதால் தோற்றவர்களின் பேரும் இருக்கிறது.

சி. வி. ராமன் பிள்ளை 1891-ல் 'மார்த்தாண்ட வர்மா' என்று ஒரு நாவல் வெளியிட்டார். மலையாளத்தின் முதல் சரித்திர நாவல். வால்டர் ஸ்காட்டின் பாணி அதில் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள், இருக்கட்டும். எனக்கு அதில் பிடித்தது வேறு. தலைப்பில் வென்ற ராஜாவின் பேர். ஆனால் கதையின் நெஞ்சு சுபத்ரா என்ற பெண்ணிடம் இருக்கிறது. அவள் குடமண் பிள்ளையின் மருமகள், அதாவது எதிரி வீட்டுப் பெண். ராஜாவைக் காப்பாற்றுகிறவள், கடைசியில் சொந்த மாமன் கையாலேயே சாகிறவள். திருவனந்தபுரத்துக்காரரான சி.வி.க்கு எதிரியை ஒரு அரக்கனாக்கி எங்கேயோ மலைக்கு அப்பால் வைக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். ராஜாவின் கோட்டையும் எதிரியின் வீடும் நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஊர் அது.

இன்னொன்று. அந்தக் கதை நடக்கிற நிலத்தில் ஒரு பெரும்பகுதி, பத்மநாபபுரம் உள்பட, இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில், பார்த்துக்கொள்வது கேரள அரசின் தொல்லியல் துறை. சி.வி.யின் நாவல் "அவர்கள் கதையா", "நம்ம கதையா" என்று கேட்டால் அந்த அரண்மனையைக் காட்டினால் போதும், கேட்டவர் வாயடைத்துப் போவார் :-)

இப்போது எனக்குப் பிரச்சனையான இடம். வலியசாலை.

கரமனையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குப் போகிற வழியில் இருக்கிறது. வரிசையாக அக்கிரகார வீடுகள், ஒரு பழைய மகாதேவர் கோயில். அந்தக் கோயிலுக்கு இன்றைக்கும் காந்தளூர் என்றுதான் பேர். ஆம், அதே காந்தளூர். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் அவன் வெற்றிகளில் முதலாவதாக வருகிற காந்தளூர்ச் சாலை இந்த இடம்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. நான் படித்த தமிழ்ச் சரித்திரத் தொடர்களில் காந்தளூர் என்பது பெரும்பாலும் ஒரு வரி. முரசு கொட்டும், சேரன் ஓடுவான், புலிக்கொடி பறக்கும், அடுத்த அத்தியாயம். நானும் அப்படித்தான் புல்லரித்துக்கொண்டு வளர்ந்தவன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பெண்ணை அங்கே கூட்டிப்போனேன். அப்போது அவள் ஆறாவது. இங்கேயே பிறந்து, மலையாளமும் தமிழும் சரளமாகப் பேசுகிறவள். "இங்கதான் ராஜராஜன் முதல் ஜெயிச்சான்" என்றேன் பெருமையாக.

"இங்க என்னப்பா இருந்துச்சு?"

"சாலை. அந்தக் காலத்துல படிப்பு சொல்லிக் குடுக்கற இடம். பசங்க தங்கிப் படிப்பாங்க, சாப்பாடும் உண்டு."

"ஸ்கூலா?"

"ஆமா, ஹாஸ்டல் மாதிரி."

கொஞ்ச நேரம் கோயில் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நம்ம ராஜா ஸ்கூலை உடைச்சாராப்பா? படிச்சிட்டிருந்த பசங்க என்ன ஆனாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. முப்பது வருஷமாக ராஜராஜன் கதை படிக்கிறேன். ஒரு தடவைகூட இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. அவளுக்குத் தோன்றியதற்குக் காரணம் அவள் என்னைவிட புத்திசாலி என்பதல்ல (அதுவும் உண்மைதான்). அவள் அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காருகிறவர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகள்.

வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். அந்தச் சாலை எப்படி இருந்திருக்கும் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 866-ல் ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்கு ஒரு சாலை ஏற்படுத்திச் செப்பேடு கொடுத்தான். காந்தளூரில் என்ன முறையோ அதே முறை இங்கேயும் என்று அதில் இருக்கிறது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985-ல். அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்பே காந்தளூர் மற்ற ஊர்கள் பார்த்துப் பின்பற்றுகிற அளவுக்குப் பேர்பெற்ற கல்விச்சாலை! பார்த்திவசேகரபுரத்துச் செப்பேட்டில் மாணவர்கள் ஒருவரை ஒருவர் ஏசினால் அபராதம், சபைக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது என்றெல்லாம் விதி. ஆயுதம் வைத்திருந்த பிள்ளைகள்தான் போல, இல்லையென்றால் கொண்டுவராதே என்று எதற்குச் சொல்ல வேண்டும்?

அடுத்தது மெய்க்கீர்த்தியில் வரும் 'கலம்' என்ற ஒரு வார்த்தை. கலம் என்றால் கப்பல், காந்தளூரில் சேரனின் கப்பல்களை அழித்தான் என்பது ஒரு கட்சி. நீலகண்ட சாஸ்திரியார் அந்தப் பக்கம். கலம் என்றால் உண்கலம், சாலையில் சாப்பாட்டுக்கு இத்தனை பேர் என்று வரையறுத்துக் கொடுத்தான் என்பது இன்னொரு கட்சி. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை காந்தளூர்ச் சாலை பற்றித் தனி ஆராய்ச்சியே எழுதியிருக்கிறார். நாஞ்சில் நாட்டுக்காரர், இந்த நிலத்தைத் தெரிந்தவர். ஒரே வார்த்தை. கடற்போரா, சாப்பாட்டுப் பந்தியா என்று இன்னமும் சண்டை தீரவில்லை.

இப்போது சொல்லுங்கள், இதற்கு மேல் ஒரு ஃபேன்டஸி கதைக்கு என்ன வேண்டும்? கிள்ளியாற்றங்கரையில் ஒரு சாலை. வேதமும் படித்து வாளும் வைத்திருக்கும் பிள்ளைகள். கிழக்கேயிருந்து ஒரு படை வருகிறது என்று செய்தி. படையில் வருகிறவனும் கிட்டத்தட்ட அவர்கள் பாஷைதான் பேசுகிறான். விடிந்தால் உடையப்போவது கப்பலா, சோற்றுக் கலமா? இந்தக் கதையை எழுத எத்தனை பேர் வந்திருக்க வேண்டும்! அதற்குப் பதிலாக யூடியூபில் என்ன ஓடுகிறது? ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் காந்தளூரில் பயிற்சி எடுத்தவர்கள், அதனால்தான் ராஜராஜன் பழி வாங்கினான் என்று பின்னணி இசையோடு உடான்ஸ். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பேர்கள் இருக்கின்றன. காந்தளூர் என்ற பேர் அதில் கிடையாது. கதையாக எழுதினால் சந்தோஷமாகப் படிக்கலாம். சரித்திரம் என்று சொல்லி ஒரு ஊரையே கொலைகாரப் பள்ளிக்கூடம் ஆக்குவது என்ன நியாயம்? அந்த ஊரில் ஒரு நாள் நின்று பார்த்தவருக்கு அப்படிச் சொல்ல நாக்கு எழாது.

இந்த ஊரின் மண்ணில் நின்றுகொண்டு தமிழில் எழுத முடியாதா என்றால், எழுதிக் காட்டியிருக்கிறார்கள். ஆ. மாதவன் பல வருஷம் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்துக்கொண்டே அந்தத் தெருவின் கதைகளை எழுதினார். 2021-ல் காலமானார். நீல பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' நாவலில் இந்த நகரமே ஒரு பாத்திரம். அவர்கள் எழுதியது நிகழ்காலத்து மனிதர்களை. ராஜா கதை எழுதுகிறவர்களும் அதே மாதிரி தெருவில் இறங்கி நடந்துவிட்டு எழுதுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

கம்பனுக்கு வருகிறேன், அண்ணன் விடமாட்டார். கம்பன் அயோத்தியைப் பார்க்கவில்லை, நிஜம். ஆனால் அவன் கோசல நாட்டை ஊர் பேர் இல்லாத மேகத்தில் வைத்தானா? தேரழுந்தூர்க்காரன் தனக்குத் தெரிந்த வயலையும் மதகையும் எருமையையும் கொண்டுபோய் அங்கே இறக்கினான். அதனால்தான் சரயுவில் காவிரி ஓடுகிறது. அது ஊரை உதறியது ஆகாது, தன் ஊரைத் தந்தது. தொல்காப்பியம் முதற்பொருள் என்று எதைச் சொல்கிறது? நிலமும் பொழுதும். மரம், பறவை, தெய்வம் எல்லாம் அதற்கப்புறம். மனுஷனின் காதலும் பிரிவும் அதற்கும் அப்புறம். ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் "முதல்" என்று பேர் வைத்ததை நாம் இன்றைக்குத் திரைச்சீலை என்கிறோம்.

மார்க் ட்வைனும் இதைத்தான் செய்தார். 1889-ல் ஆர்தர் சபைக்கு ஒரு அமெரிக்கனை அனுப்பினார். ஹார்ட்ஃபோர்டில் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆள். ட்வைன் குடியிருந்ததும் ஹார்ட்ஃபோர்டில்தான். தன் ஊரின் தொழிற்சாலை வாசனையோடு கேமலாட்டுக்குள் நுழைந்ததால்தான் அந்தக் கேலியும் கோபமும் பலித்தது.

அதனால் அண்ணா, பனி கூடாது என்று நான் சொல்லவில்லை. உன் பிள்ளைக்கு வீராணம் தெரியாது, சரி. பனி தெரியும். ஆனால் அவன் எழுதிய பனி அவன் வீட்டு வாசலில் விழுகிற பனி இல்லையே. அது எதோ ஒரு வீடியோ கேமில் விழுகிற பனி. வந்தியத்தேவன் உங்கள் ஊருக்கே வரட்டும். நீ காலையில் காரைச் சுரண்டுகிற பனியில் அவன் குதிரை வழுக்கட்டும். குளிரில் குந்தவைக்கு உதடு வெடிக்கட்டும். அந்த நிலத்தில் உங்களுக்கெல்லாம் முன்னால் லெனாப்பே என்ற பூர்வகுடிகள் இருந்தார்கள். பையன் தேடிப் பார்க்கட்டும். வாளை உருவுவதற்கு முன்னால் அருள்மொழி ஒரு நிமிஷம் நின்று, "இந்தப் பாறை யாருடையது?" என்று கேட்டால், அதுதான் கதை. அதைக் கேட்கத் தெரிந்த பிள்ளை ஒரு நாள் வலியசாலைக்கு வந்து நின்றாலும் சரியான கேள்வியைக் கேட்கும்.

என் பெண்ணுக்கு அந்தப் பசங்க என்ன ஆனார்கள் என்று இன்னும் பதில் சொல்லவில்லை. தெரியாது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். அவளே எழுதிக்கொண்டிருக்கிறாள் போல. நோட்டை என்னிடம் காட்ட மாட்டேன் என்கிறாள். முதல் பக்கத்தை மட்டும் எட்டிப் பார்த்தேன். கிள்ளியாற்றில் ஒரு பையன் சாப்பாட்டுக் கலத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறான்.

பி.கு.: அண்ணன் பையன் நேற்று பதில் போட்டிருக்கிறான். டீச்சர் ஏ மைனஸ் கொடுத்தாராம். "எந்த ஊர்" என்று அவரும் கேட்டாராம். நான் ஒன்றும் சொல்லவில்லை :-)